உள்ளே இருப்பவருக்குக் கேட்க வேண்டும்

பெரிய டிரம்முக்குள் ஆள் நுழைந்தால், வெளியே நிற்பவர் வாயை மூடக் கூடாது. அந்தச் சலவை ஆலையில் எழுதி ஒட்டாத சட்டம் இது ஒன்றுதான். எழுதி ஒட்டிய சட்டங்கள் சுவர் நிறைய உண்டு. வெறுங்காலோடு நடக்காதே, புகை பிடிக்காதே, ஈரக்கையால் சுவிட்சைத் தொடாதே. அவற்றை ஒருவரும் சட்டை செய்வதில்லை. இதை மட்டும் மீறியவர் கிடையாது.

ஆஸ்பத்திரித் துணி வெளுக்கிற ஆலை அது. படுக்கை விரிப்பு, தலையணை உறை, நோயாளிக்குப் போட்டுவிடுகிற நாடா வைத்த அங்கி எல்லாம் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். அங்கியின் நாடாக்கள் டிரம்மின் ஓட்டைகளில் புகுந்து பின்பக்கம் போய்ச் சுற்றிக்கொள்ளும். யாரோ ஒரு நர்ஸ் மறந்துபோய்த் துணியோடு சுருட்டிவிட்ட கத்தரிக்கோல், உள் டிரம்முக்கும் வெளி உறைக்கும் நடுவே செருகிக்கொண்டு கிறீச்சிடும். அப்போது ஒருவர் வட்டக் கதவு வழியாகத் தலையை விட்டு, தோளை ஒடுக்கி, உள்ளே போகத்தான் வேண்டும். போவதற்கு முன் மின்பலகையில் இருக்கிற ஃப்யூஸ் கட்டைகள் மூன்றையும் பிடுங்கித் தன் கூட்டாளியின் சட்டைப்பையில் போட்டுவிடுவார். முன்பு ஒருமுறை, உள்ளே ஆள் இருப்பது தெரியாமல் ஒருவர் சுவிட்சைப் போட்டுவிட்டார். அன்று போனவரைப் பற்றி ஆலையில் யாரும் பேசமாட்டார்கள். கட்டை பிடுங்குகிற வழக்கம் அதற்கப்புறம் வந்தது.

பேசுகிற வழக்கமும் கூடவே வந்ததுதான். கட்டை வைத்திருப்பவர் கதவருகே நின்று எதையாவது பேசிக்கொண்டே இருக்க வேண்டும். அவர் டீ குடிக்கப் போகவில்லை, பலகைப் பக்கம் வேறு ஆளை விடவில்லை என்பதற்கு உள்ளே இருப்பவருக்கு அந்தக் குரல்தான் சாட்சி. பேச்சு நின்றால் போட்டது போட்டபடி வெளியே வந்துவிட வேண்டும்.

முசுடும் பிரசங்கியும் அப்படிப் பேசிப் பேசியே தலை நரைத்தவர்கள். இரண்டும் ஆலை வைத்த பட்டப்பெயர்கள். முசுடு வேளை தவறாமல் தொழுகிறவர். சிரித்துப் பார்த்தவர்கள் குறைவு. பிரசங்கி ஞாயிற்றுக்கிழமை ஜெபக்கூடத்தில் முன்வரிசையில் உட்காருகிறவர். கட்டைகள் பையில் விழுந்த உடனே வாய் திறந்தால், உள்ளே இருப்பவர் வெளியே வந்து முகம் கழுவித் துடைத்த பிறகும் மூடாது. வெள்ளிக்கிழமை மதியம் முசுடின் வேலையைப் பிரசங்கி சேர்த்துப் பார்ப்பார். ஞாயிற்றுக்கிழமை காலையில் முசுடு அந்தக் கடனை அடைப்பார். அடைக்கும்போது முணுமுணுக்காமல் இருந்ததில்லை.

ஊரில் பெரியவர்கள் மேடை போட்டு, மாலை மாற்றி, மத நல்லிணக்கம் பேசுவார்கள். இவர்கள் அதை இரும்புக்கு உள்ளும் வெளியும் நின்று சண்டையாகப் பேசினார்கள். மீன் விழுங்கிய மகானின் கதை இரண்டு வேதத்திலும் உண்டு. அவர் அந்த வயிற்றுக்குள் என்ன சொல்லி வேண்டிக்கொண்டார் என்பதில் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. ஒரு மழைக்காலம் முழுக்க அந்த மீன் கரையேறவே இல்லை. "உங்க சொர்க்கத்துல எனக்கு ஒரு மூலை கிடைக்குமாய்யா?" என்று பிரசங்கி கேட்பார். "அழுக்குத் துணி இருந்தா கூப்பிட்டு விடுவாங்க" என்று டிரம்முக்குள்ளிருந்து பதில் வரும். இரும்பில் பட்டு அந்தக் குரல் இரண்டு மடங்காகக் கேட்கும்.

முசுடின் மனைவியும் அதே ஆலையில்தான் வேலை. சலவைக் கூடத்தை ஒட்டிய அறையில் கிழிசல் தைக்கிறவள். சின்னவர் பெரியவர் எல்லாருக்கும் தையலக்கா. பிரசங்கி மட்டும் தங்கச்சி என்பார். ஃப்யூஸ் கட்டைகளின் கனத்தில் சட்டைப்பைகள் கிழிந்து தொங்குவதைப் பார்த்துச் சலித்துப்போய், இரண்டு பேர் சட்டைகளிலும் கூடாரத் துணியில் இரட்டைத் தையல் போட்டுப் பை வைத்துக் கொடுத்தவள் அவள்தான். உசுரை வெச்சுக்கற பை, ஒட்டுப்போட்டதா இருந்தா நல்லாவா இருக்கு என்று சொன்னாளாம். அப்போது அதைக் கேட்டு எல்லாரும் சிரித்தார்கள்.

அந்த ஆண்டு மழை பிடித்தது விடவில்லை. உலர்த்துகிற அறையில் துணி உலர மறுத்தது. பாய்லர்காரர் கரி கரியாக இருமினார். படிகளில் பாசி பிடித்தது. ஊருக்கு வெளியே இரண்டு இடுகாடுகள் பக்கம் பக்கமாக உண்டு. ஒன்றில் முசுடின் ஆட்கள், மற்றதில் பிரசங்கியின் ஆட்கள். நடுவில் பொதுவாக ஒரு பழைய கல்சுவர். அது மழையில் நனைந்து ஒருநாள் படுத்துவிட்டது. திரும்பக் கட்டுவதற்குக் கயிறு பிடித்தபோது, ஒரு முழம் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று பேச்சு வந்தது. மண்ணுக்குள் கிடந்தவர்கள் யாரும் புகார் சொல்லவில்லை. மேலே நின்றவர்களுக்குத்தான் இடம் போதவில்லை. இரண்டு பக்கமும் ஆள் சேர்ந்தது. இடிந்த சுவரின் கற்கள் கைக்கு வசதியாக அங்கேயே கிடந்தன.

ஒரு கல் தையலக்காவின் தம்பி கண்ணில் விழுந்தது.

அவன் தொட்டிலில் கிடந்தபோது அம்மா போய்விட்டாள். அக்காதான் வளர்த்தாள்; கல்யாணமாகி வரும்போது பெட்டியோடு பெட்டியாக அவனையும் கூட்டிக்கொண்டு வந்தாள். வேறு பிள்ளை இல்லாத அந்த வீட்டில் அவன்தான் பிள்ளை. கடிகாரம் பழுது பார்க்கிற தொழில். வீட்டில் இரண்டே அறைகள். முன்னறை ஜன்னலடியில் அவனுடைய மேசை. மேசைமேல் அவன் பிரித்துப்போட்ட கடிகாரம் ஒன்று அப்படியே கிடந்தது. அதன்மேல் ஈரம் படாமல் தையலக்கா ஒரு தட்டைக் கவிழ்த்து வைத்திருந்தாள். டாக்டர்கள் கண்ணைக் காப்பாற்றப் பார்க்கிறோம் என்றார்கள், பிறகு பார்ப்போம் என்றார்கள், பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

எறிந்தது யார் என்று யாருக்கும் தெரியாது. போலீஸ்காரர்கள் வந்தார்கள், இரண்டு பக்கமும் நாலு பேரைப் பிடித்தார்கள், விட்டார்கள். இரண்டு பக்கத்திலும் எங்கள் பையன்கள் யாரும் கல்லைத் தொடவே இல்லை என்று சத்தியம் செய்தார்கள். அப்படியானால் கற்களே எழுந்து பறந்திருக்க வேண்டும்.

தையலக்கா காலையில் ஆலைக்கு வருவாள், மதியம் ஆஸ்பத்திரிக்குப் போவாள், மாலையில் வீட்டுக்கு வந்து அடுப்பைப் பற்றவைப்பாள். ஒரு மாலை முசுடு தொழுதுவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்தார். கொடியில் கிடந்த ஈரத்துணிகளின் வாடை அறை முழுக்க இருந்தது. சோற்றைப் போட்டுவிட்டு அவள் எதிரே நின்றாள். உட்காராமல் நின்றாலே ஏதோ வரப்போகிறது என்று அவருக்குத் தெரியும்.

"பாய்லர்காரர் வந்து பார்த்துட்டார். சூப்பர்வைசர் வந்துட்டார். நமக்கு ஆகாதவங்ககூட வந்துட்டுப் போயிட்டாங்க. உங்க கூட்டாளி மட்டும் ஒரு எட்டு வந்து பார்க்கல. ஏன்?"

"மழை."

"மழை என்ன, அவர் தலையில மட்டுமா பெய்யுது?"

முசுடு சோற்றைப் பிசைந்தார். நிலைமை அப்படி, வந்தால் அவர் ஆட்கள் ஏதாவது சொல்வார்கள் என்று தயங்கியிருப்பார் என்றார். சொல்லும்போதே அது நொண்டுவது அவர் காதுக்கே கேட்டது.

"அவரா பயப்படற ஆளு? உங்களுக்குக் காய்ச்சல் வந்தப்போ நம்ம வாசல்ல முட்டி போட்டு, தெருவே கேக்க ஜெபம் பண்ணினவர். வேணாம் எழுந்து போய்யான்னு நீங்க உள்ள இருந்து கத்துறீங்க. அவர் முடிச்சுட்டுத்தான் எழுந்தார். அந்த மனுஷன் யார் பேச்சுக்குப் பயந்தார்?"

அவர் செம்பை எடுத்துத் தண்ணீர் குடித்தார்.

"அவர் பையன் அன்னிக்கு அங்க இருந்தான்னு பேச்சு இருக்கு."

"ஊர் வாய்க்கு மூடி இருக்கா? ஆயிரம் பேச்சு இருக்கும்."

"நெருப்பில்லாம புகையாதுங்க." அவள் குரல் தாழ்ந்தது. "எனக்கு யாரையும் உள்ள தள்ளணும்னு இல்ல. யாருன்னு தெரியணும். தெரியாம, எதிர்ல வர்ற ஒவ்வொரு மூஞ்சியையும் இவனா அவனான்னு பாத்துப் பாத்து எனக்குப் பைத்தியம் பிடிச்சிரும். அது தெரியற வரைக்கும் அவர் பையில கட்டையப் போட்டுட்டு நீங்க உள்ள போகக் கூடாது."

"போனா என்ன பண்ணிடுவார்?"

"ஒண்ணும் பண்ண வேணாம். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் திரும்பி நின்னாப் போதும். வேற கட்டையச் செருக ஆளா இல்ல?"

முசுடு தட்டைத் தள்ளி வைத்தார். இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு நினைப்பு அவருக்கு வந்ததே இல்லை. இப்போது வந்துவிட்டது, இனி எப்படிக் கழுவினாலும் போகாது. அவளைக் கோபித்துக்கொள்ளவும் முடியவில்லை. அவர் நெஞ்சில் வேறொரு கனம் இருந்தது. மச்சினன் கட்டுப்போட்ட கண்ணோடு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது, அக்கா தண்ணீர் பிடிக்கப் போன நேரத்தில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொல்லியிருந்தான். மச்சான், நானும் எறிஞ்சேன், அக்காகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க என்று. அவரும் சொல்லவில்லை. எங்கள் பையன் கல்லைத் தொடவே இல்லை என்று அவள் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லும்போது, அவர் செருப்பைத் தேடுகிறவர் மாதிரி குனிந்துகொள்வார்.

ஆலையில் பிரசங்கி பிரசங்கியாக இல்லை. வருவார், வேலை செய்வார், போவார். முசுடு டிரம்முக்குள் போகும்போது கட்டைகளை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, "இருக்கேன்" என்பார். சற்றுப் பொறுத்து மறுபடி, "இருக்கேன்." அவ்வளவுதான். சட்டம் என்னவோ நிறைவேறியது. ஆனால் உள்ளே குனிந்து நாடா அறுத்துக்கொண்டிருக்கிற முசுடுக்கு அந்த ஒற்றைச் சொல் போதவில்லை. வாயாடுகிறவன் வாயடைத்துப்போனால் வீட்டில் ஏதோ வேகிறது என்று பொருள். முன்பெல்லாம் அவர் பேசுவதை நிறுத்தமாட்டாரா என்று இருக்கும். இப்போது எதையாவது, அந்த மீனைப் பற்றியாவது பேசமாட்டாரா என்று இருந்தது.

ஆட்களெல்லாம் இதைக் கவனித்தார்கள். டீ நேரத்தில் பெஞ்சுகள் தாமாகப் பிரிந்துகொண்டன; இந்தப் பக்கம் இவர்கள், அந்தப் பக்கம் அவர்கள். மூன்றாம் மதத்துக்காரரான பாய்லர்காரர் எந்தப் பெஞ்சில் உட்காருவது என்று தெரியாமல் நின்றுகொண்டே குடித்தார். சூப்பர்வைசர் நல்ல மனிதர்தான். நல்ல மனிதர்களுக்கே உரிய யோசனை ஒன்று அவருக்கு வந்தது. டிரம் வேலைக்கு இனிமேல் ஜோடியை மாற்றிவிடலாம், அவரவர் ஆட்களுக்கு அவரவர் ஆட்களே கட்டை பிடிக்கட்டும், யாருக்கும் மனக்கஷ்டம் வேண்டாம் என்றார். முசுடைத் தனியாகக் கூப்பிட்டு, நீங்க சரின்னு சொன்னா நாளையிலிருந்தே மாத்திடறேன் என்றார். இதற்கு முன் என்றால் முசுடு நாலு வார்த்தை கேட்டிருப்பார். யோசிச்சுச் சொல்றேன் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தார். அது ஆலை முழுக்கப் பரவியது. பிரசங்கி காதுக்கும் போயிருக்கும். அவர் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

மறுநாள் முற்பகலில் பெரிய டிரம் இழுத்து இழுத்துச் சுற்றி, ஒரு உலுக்கு உலுக்கி, நின்றுவிட்டது. ஆஸ்பத்திரி வண்டி வாசலில் வந்து காத்திருந்தது. அறுவைசிகிச்சைப் பிரிவில் மாற்று விரிப்பு தீர்ந்துவிட்டதாம். உள்ளே ஏதோ இரும்பு செருகிக்கொண்டிருக்கிறது, டிரம்மின் பின்தகட்டைக் கழற்றினால்தான் ஆகும் என்று முசுடு டிரம்மைக் கையால் ஆட்டி, காதை வைத்துக் கேட்டுச் சொன்னார். அந்த வேலைக்கு ஒரு முறை உண்டு. முசுடு முதலில் போய்த் திருகாணிகளைக் கழற்றித் தகட்டை எடுப்பார். பிறகு வெளியே வந்து கட்டைகளைத் தன் பைக்கு மாற்றிக்கொள்வார். பிரசங்கி உள்ளே போவார். தகட்டுக்குப் பின்னால் அவ்வளவு தூரம் எட்டுவது பிரசங்கியின் நீளக்கைதான்.

சூப்பர்வைசர் முசுடைப் பார்த்தார். வேறு ஆளைக் கூப்பிடவா என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம். முசுடு பலகையைத் திறந்து, கட்டைகளைப் பிடுங்கி, பிரசங்கியின் பையில் போட்டார். கூடாரத் துணிப் பை கனத்தில் தாழ்ந்தது. பிறகு திருப்புளியை வாயில் கடித்துக்கொண்டு உள்ளே நுழைந்தார்.

தையலறையின் வாசல் அங்கிருந்து பார்த்தால் தெரியும். மெஷின் சத்தம் நின்றதுமே தையலக்கா எழுந்து வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தைத்துக்கொண்டிருந்த விரிப்பு தோளிலேயே கிடந்தது.

"இருக்கேன்" என்றார் பிரசங்கி.

உள்ளே திருகாணி முனகியது. தகரக் கூரையில் மழை விழுந்துகொண்டிருந்தது.

"இருக்கேன்."

"யோவ்" என்றது டிரம்முக்குள் இருந்த குரல். "உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்."

"இருக்கேன்."

"இருக்கறது தெரியுது. கல்லு எறிஞ்சது உன் பையனா?"

பேச்சு நின்றுவிட்டது.

கூடத்தில் நீராவிக் குழாய் ஒன்று எங்கோ சீறி ஓய்ந்தது. பிரசங்கி பையின்மேல் கையை வைத்துக்கொண்டு, தரையில் ஓடிய சோப்புத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார். தையலக்கா நிலையை விட்டு ஓரடி முன்னால் வந்தாள். அவள் கண் அவர் முகத்தில் இல்லை, அவர் கையில் இருந்தது. சூப்பர்வைசர், வெளிய வந்துடுங்க என்று கத்த வாயெடுத்து, யாரைப் பார்த்துக் கத்துவது என்று தெரியாமல் நின்றார்.

உள்ளே முசுடு மல்லாந்து கிடந்தார். முதுகில் ஈரம் ஏறியது. கண்ணுக்கு மேலே ஓட்டை ஓட்டையாக இரும்பு. பேச்சு நின்றால் வெளியே வர வேண்டும். காலை மடக்கி ஒரு உந்து உந்தினால் போதும். அந்தப் பக்கம் திரும்பி நின்னாப் போதும் என்று அவள் சொன்னது காதில் ஓடியது. பயமாகத்தான் இருந்தது, இல்லையென்று சொல்வதற்கில்லை. ஆனால் வெளியே போய் முகத்துக்கு முகம் பார்த்துக் கேட்டால் அந்த ஆள் ஏதாவது சொல்லி மழுப்பிவிடுவார், தானும் அதைக் கேட்டுக்கொண்டு தலையாட்டிவிடுவோம் என்று அவருக்குத் தோன்றியது. கேட்டாகிவிட்டது. பதில் வரும் வரைக்கும் கிடப்பது என்று கிடந்தார்.

"ஆமாய்யா" என்றார் பிரசங்கி. "அவன்தான்."

தையலக்கா தோளிலிருந்த விரிப்பு நழுவிக் கீழே விழுந்தது. அவள் எடுக்கவில்லை.

"யார் சொன்னது?" உள்ளே இருந்து.

"அவனேதான். அன்னிக்குச் சாயங்காலம் வந்து கையைக் கழுவினான், கழுவினான், கழுவிட்டே இருந்தான். என்னடான்னேன். தன் கல்லுதான் அந்தக் கண்ணுல பட்டுச்சுன்னு சொல்லிட்டான். விடியறதுக்குள்ள அவங்கம்மா அவனைத் தன் அண்ணன் வீட்டுக்கு அனுப்பிட்டா. நான் பாத்துட்டே நின்னேன். தடுத்திருக்கணும். தடுக்கல. பெத்துட்டேன்ல, தான் ஆடாட்டியும் தன் சதை ஆடுது." அவர் மூச்சு வாங்கினார். "ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் வந்தேன்யா. படி ஏற முடியல. என்னப் பாத்ததும் நீ 'வாய்யா'ன்னு சொல்லிடுவியேன்னு பயம். அதுக்கு நான் எந்த மூஞ்சியோட வர்றது?"

இப்போது பிரசங்கிக்கு நிறுத்த முடியவில்லை. ஜெபக்கூடத்தில் முன்வரிசையில் உட்கார முடியவில்லை, கடைசி வரிசைக்குப் போனேன், அங்கேயும் முடியவில்லை, வெளியே செருப்பு விடுகிற இடத்தில் நின்றேன் என்றார். சூப்பர்வைசர் ஜோடியை மாற்றப்போவதாகக் கேள்விப்பட்டு அப்பாடா என்று இருந்தது என்றார். மாற்றிவிட்டால் நீ கேட்கமாட்டாய், நான் சொல்ல வேண்டியிருக்காது என்று நினைத்தேன் என்றார்.

"என் மச்சினன் கையிலயும் கல்லு இருந்துச்சு" என்றார் முசுடு.

பிரசங்கி நிமிர்ந்தார்.

"அவனும் எறிஞ்சான். யார் மேல விழுந்துச்சுன்னு அவனுக்கே தெரியாது. உங்க ஆளுங்க யாருக்காவது அடிபட்டிருக்கான்னு நான் விசாரிச்சுட்டேதான் இருக்கேன். இல்லைன்னுதான் சொல்றாங்க. ஆனா எறிஞ்சான்."

"இதை ஏன்யா எங்கிட்ட சொல்ற? யாரு உன்னக் கேட்டா?"

"நீ சொன்னேல்ல."

தகடு கழன்று டிரம்முக்குள் சரிந்த சத்தம் கேட்டது. முசுடு காலை முதலில் நீட்டி, இடுப்பை வளைத்து, வெளியே வந்தார். வந்து நிமிர்ந்தவர் எதிரே மனைவியைப் பார்த்தார். அவளுக்கு எல்லாம் கேட்டிருந்தது. இரும்புக்குள் பேசினால் கூடம் முழுக்கக் கேட்கும் என்பதை அன்று அவர் மறந்துவிட்டிருந்தார். எங்கள் பையன் தொடவே இல்லை என்று அவள் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாள்; அத்தனையும் அவள் முகத்தில் நின்றது. அவர் ஏதோ சொல்ல வந்தார். அவள் அவரைத் தாண்டிப் பிரசங்கியிடம் போனாள்.

"இங்க குடுங்க" என்று கையை நீட்டினாள்.

பிரசங்கிக்குப் புரியவில்லை.

"நீங்கதானே இப்ப உள்ள போகணும்? கட்டையை எங்கிட்டக் குடுங்க."

இது உன் வேலை இல்லை, போய்த் தையலைப் பார் என்றார் முசுடு. சூப்பர்வைசர் ஓடிவந்து, அம்மா வேண்டாம், இன்றைக்கு வேலையே வேண்டாம், வண்டியைத் திருப்பி அனுப்பிவிடலாம் என்றார். அவள் யார் பக்கமும் திரும்பவில்லை. நீட்டிய கை நீட்டியபடி இருந்தது. 

பிரசங்கி அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பையிலிருந்து கட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார்.

"மூணும் இருக்கு, பாத்துக்க தங்கச்சி."

சட்டையைக் கழற்றித் துணி தள்ளுகிற வண்டியின் மேல் போட்டுவிட்டு, முனகிக்கொண்டே குனிந்து, உள்ளே போய்விட்டார்.

அவளுக்குப் பை கிடையாது. கட்டைகளை இரண்டு கையாலும் வயிற்றோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். மின்பலகை அவள் கைக்கெட்டும் தூரத்தில் திறந்து கிடந்தது. வேலை செய்த கூடமெல்லாம் நின்று பார்த்தது. இந்தப் பெஞ்சு, அந்தப் பெஞ்சு, எல்லாப் பெஞ்சுக்காரர்களும். முசுடு பலகைக்கும் அவளுக்கும் நடுவே போய் நிற்கலாம் என்று ஓரடி எடுத்தார். எடுத்த காலை அங்கேயே ஊன்றிக்கொண்டார். அவர் உள்ளே கிடந்தபோது யாரும் நடுவே வந்து நிற்கவில்லை.

அவள் பேசவில்லை. உள்ளே இடுக்கி இரும்பில் தட்டிக்கொண்டிருந்தது. பேசு என்று பிரசங்கி கேட்கவில்லை. வெளியே வரவும் இல்லை.

"இடது கண்ணு" என்றாள் தையலக்கா.

இடுக்கிச் சத்தம் நின்றது.

"நீங்க வேலையப் பாருங்க, நான் இருக்கேன். இடது கண்ணு. அந்தக் கண்ணுலதான் கடிகாரக்காரங்க போடற குழாய்க் கண்ணாடியச் செருகிப்பான். வலது கண்ணுல போட்டுப் பழகிக்கன்னு டாக்டர் சொல்றார். பழகிக்கறேன்னு எங்கிட்ட சிரிச்சுட்டே சொல்றான். நான் வெளிய போனதும் சுவத்துப் பக்கம் திரும்பிக்கறானாம், பக்கத்துப் படுக்கைக்காரர் சொன்னார். கேக்குதா?"

"கேக்குது தங்கச்சி."

"தண்ணி ஊத்தினா டம்ளர்ல விழல. பக்கத்துல விழுது. எது எவ்வளவு தூரத்துல இருக்குன்னு அவனுக்குத் தெரியல. என் கையப் பிடிக்கறேன்னு காத்தப் பிடிக்கறான். நேத்து ஊசியில நூல் கோத்துக் குடுக்கறேன், குடு அக்கான்னான், சின்ன வயசுல இருந்து எனக்குக் கோத்துக் குடுக்கறவன். வாங்கிட்டு நெடுநேரம் உக்காந்திருந்தான். நான் தூங்கற மாதிரி கண்ண மூடிக்கிட்டேன்." அவள் குரல் உடைந்தது, உடைந்தபடியே மேலே போனது. "அவனும் எறிஞ்சானாம். இப்பத்தான் எனக்குத் தெரியுது. எங்க வீட்டு விஷயம் எனக்குக் கடைசியாத்தான் தெரியுது. அதுக்கு அவனையும் கேப்பேன், இந்த மனுஷனையும் கேப்பேன், விடமாட்டேன். ஆனா உங்க பையன் வந்து அந்தக் கண்ணப் பாக்கணும். நீங்க கூட்டிட்டு வரணும். போலீசு, கேசு எல்லாம் அப்புறம். மொதல்ல வந்து எதிர்ல நின்னு பாக்கணும். கேக்குதா?"

உள்ளேயிருந்து வந்த சத்தம் சொல்லாக வரவில்லை. பிறகு வந்தது.

"கேக்குது. கூட்டிட்டு வர்றேன்."

"அவங்கம்மா விடமாட்டாங்க."

"நான் கூட்டிட்டு வர்றேன்."

"வேலையப் பாருங்க. நான் இருக்கேன்."

அவள் மேலே சொல்லிக்கொண்டு போனாள். கட்டுப் பிரிக்கிற நேரத்தில் அவன் அவள் விரலைப் பிடித்த பிடியைச் சொன்னாள். மருந்து விடும்போது எந்த வார்த்தை சொல்லிப் பல்லைக் கடிக்கிறான் என்று சொன்னாள். ஒன்றையும் விடவில்லை. ஒவ்வொன்றுக்கும் இரும்புக்குள்ளிருந்து, கேக்குது, கேக்குது என்று இரண்டு மடங்காகப் பதில் வந்தது. சுருண்ட நாடாக் கற்றை ஒன்று கதவு வழியாக வந்து விழுந்தது. அதன் பின்னால் ஒரு கத்தரிக்கோல் வந்து தரையில் விழுந்து சறுக்கிக்கொண்டு போனது. தகடு பொருந்துகிற சத்தமும், திருகாணிகள் ஒவ்வொன்றாக இறுகுகிற சத்தமும் கேட்டன.

வேலை முடிந்துவிட்டது. வாசலில் வண்டிக்காரர் ஹாரன் அடித்தார். பிரசங்கி வெளியே வரவில்லை; உள்ளேயே கிடந்து கேட்டுக்கொண்டிருந்தார். தையலக்கா கட்டைகளை வயிற்றோடு பிடித்துக்கொண்டு கதவருகே இன்னும் கொஞ்சம் குனிந்து, தம்பி சின்னப் பிள்ளையாக இருந்தபோது இருட்டு என்றால் எப்படிப் பயப்படுவான் என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.